சின்னச் சங்கங்களுக்கும் ஒரு கொன்பரன்ஸ் லைன் தாங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட சங்கம் சின்னன், ஆக்கள் துணுக்காய், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு எண்டு சிதறி இருக்கினம், கூட்டத்துக்கு எல்லாரையும் மாங்குளத்துக்குக் கூப்பிட்டா பஸ் காசும் போச்சு அண்டைய கூலியும் போச்சு. வாட்ஸ்அப் கோலில 32 பேர் கதைக்கலாம்தான், ஆனா கனபேரிட்ட இருக்கிறது பட்டன் போன். சாதாரண போனிலயும் கோலுகளைச் சேர்க்கலாம், ஆனா எடுக்கிறவரை விட 5 பேருக்கு மேல சேராது, அத்தனை கோலுக்கும் காசு அவற்ற ரீலோட்டிலதான் வெட்டும் (எங்கட பொருளாளர் பாவம்).

எங்களுக்குத் தேவை கொன்பரன்ஸ் லைன், அதாவது ஒரு நம்பரும் ஒரு இரகசிய இலக்கமும் (PIN), அவையவை தங்கட போனில இருந்து அந்த நம்பருக்கு எடுத்து, இலக்கத்தை அடிச்சு ஒரே கூட்டத்துக்குள்ள வரட்டும். இப்பிடிக் கோலுகளை ஒண்டாச் சேர்க்க அஸ்டரிஸ்க் எண்டொரு இலவச மென்பொருள் இருக்கு, பழைய கொம்பியூட்டரிலயே ஓடும், ஆனா ஒரே நேரத்தில எத்தினை பேர் கதைக்கினமோ அத்தினை சானல் (ஒரு கோலுக்கு ஒரு வழி) உள்ள சிப் (SIP) லைன், அதாவது இன்ரநெற் வழியா வாற போன் லைன், வேணும், செலவு அங்கதான் இடிக்குது. பதிவு செய்த சங்கங்களுக்கு மாசத்தில ரெண்டு மணித்தியாலம் எண்டாலும் குறைஞ்ச விலையில இந்த வசதியைக் குடுக்கச் சொல்லி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கம்பனிகளோட கதைச்சா என்ன?

சங்கச் செயலாளர் ஒருவர்,
மாங்குளம்