தார் முட்டைகளும் நம்ம கடற்கரையும்

ராஜாக்கமங்கலம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைச்சுது. அம்மைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இனி சொட்டு மருந்துதான்.

இந்தூருக்கு மாற்றலாகிப் போயிருக்கேன்னு நீ எழுதினதும் எனக்கு அதுக்குப் பக்கத்துல இருக்கிற, மத்தியப் பிரதேசத்துத் தார் ஜில்லாதான் ஓர்மை வந்தது. அங்கே பாக், குக்‌ஷி பக்கம் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க. 92 கூடு, 256 முட்டை! 2023 ஜனவரியில ஆய்வு வெளியாச்சு. எல்லாம் டைட்டனோசார் முட்டை. கழுத்து நீண்ட அந்த மலை போன்ற மிருகத்துக்கு முட்டை 15, 17 சென்டிமீட்டர்தான், நம்ம உரிக்காத தேங்காயைவிடச் சின்னது. கூடுகள் ஒண்ணோட ஒண்ணு அவ்வளவு நெருக்கமாம். தாய் நடுவுல கால் வைக்கக்கூட இடமில்ல. அதனால முட்டையைப் புதைச்சு மூடிட்டுப் போயிருக்கும், பக்கத்துல இருந்து காத்திருக்காதுன்னு சொல்றாங்க.

அதைப் படிச்சப்போ நாம ரெண்டு பேரும் கடற்கரையில ஆமை பாத்த ராத்திரி கண்ணுல வந்துச்சு. ஓர்மை இருக்கா மக்கா? ரெண்டும் மூணுமா முட்டை விழுந்துக்கிட்டே இருந்துச்சு. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி அடிச்சு இறுக்கிட்டு, திரும்பிப் பாக்காம கடலுக்குப் போச்சு. நீ அழுதே. ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால நர்மதைக் கரையிலயும் இதேதான் நடந்திருக்கு.

எல்லாத் தாயும் அப்படியில்ல. 1923-ல கோபி பாலைவனத்துல முட்டைக்கூட்டு மேல ஒரு டைனோசர் எலும்புக்கூடு கிடைச்சுது. வேற டைனோசர் முட்டையைத் தின்ன வந்ததுன்னு நினைச்சு, மறுவருஷம் ‘முட்டைத் திருடன்’னு பொருள்படும்படி ஓவிராப்டர்னு பேர் வச்சாங்க. 1993-ல அதே மாதிரி முட்டைக்குள்ள குஞ்சின் எலும்பு கிடைச்சப்போதான் அது ஓவிராப்டர் குடும்பத்து முட்டைன்னு தெரிஞ்சுது. அந்தக் குடும்பத்துல இன்னொண்ணு, கோழி மாதிரி முட்டைமேல உக்காந்து, ரெண்டு கையையும் விரிச்சு மூடினபடியே கல்லாகிக் கிடைச்சுது. 70 வருஷம் அதைக் களவாணின்னு சொல்லியிருக்கோமே! பேரை இன்னும் மாத்தல. எனக்கு அது பெரிய அநியாயமாப் படுது.

நம்ம வேளிமலைப் பாறையில இதெல்லாம் தேடி மினக்கெட முடியாது. 50 கோடி வருஷத்துக்கு முன்னாலயே பூமிக்கடியில வெந்து உருமாறின கல்லு அது. அதனால நீதான் எனக்குக் கண்ணு. லீவு கிடைச்சா பாக் பக்கம் போயிட்டு வா. ஒண்ணையும் எடுக்காதே. ஓடு எந்த நிறம், முழுசா எத்தனை, மேல உடைஞ்சு குஞ்சு வெளியேறின மாதிரி ஏதாவது தெரியுதான்னு பாத்து எழுது. ஏத்தங்காய் உப்பேரி அனுப்பியிருக்கேன்.

அன்புடன்,
தங்கராஜ்