அந்தக் கறுப்பு வெள்ளைக் கில்ட்டுக்கு என்ன போடுவது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது. கிளாஸ்கோவில் வேறு புதினம் இல்லை.

நீ அனுப்பிய கில்ட் படத்தை, ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுக்கிற அந்த மடிப்புப் பாவாடையின் படத்தை, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அடுத்த மாதம் ஒரு கலியாணம், பகல் ரெண்டு மணி, இதுக்கு என்ன போடுறது" என்று ஒரே ஒரு வரி. யாருடைய கலியாணம் என்று எழுதவில்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அது மென்சிஸ் குலத்தாரின் கறுப்பு வெள்ளை டார்டன், அதாவது அவர்கள் பேரில் உள்ள கட்டம் போட்ட துணி. கறுப்பு வெள்ளையில் வேறும் உண்டு. மக்ஃபர்லேன் இருக்கிறது, சேர் வோல்ட்டர் ஸ்கொட் பேரில் ஒன்று இருக்கிறது, எல்லைப்புறத்து இடையர்களின் சின்னச் சதுரக் கட்டமும் இருக்கிறது. உன்னுடைய படத்தில் இருப்பது பெரிய கட்டம். பேர்த்ஷயரில் அபர்ஃபெல்டிக்குப் பக்கத்திலே வீம் என்ற ஊரில் மென்சிஸ் குலத்தாரின் கோட்டை இன்றைக்கும் நிற்கிறது. வாடகைக் கடைக் கில்ட்டும் இல்லை இது. உள்பக்கம் தெரிகிற படத்தில் கைத்தையல் வடிவாகத் தெரிகிறது, துணியும் கனமான கம்பளி. யாரோ தங்கள் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்திருக்கிறார்கள். யாரும் எந்த டார்டனும் உடுக்கலாம், சட்டம் ஒன்றும் தடுக்காது. ஆனால் ஒரு வீட்டார் தங்கள் கில்ட்டை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பது லேசான காரியம் இல்லை, தம்பி. அது உனக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் அளவு. உன் ஜீன்ஸ் அளவை நம்பாதே. ஜீன்ஸ் இடுப்பெலும்பில் நிற்கும், கில்ட் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே நிற்கவேண்டும். அங்கே சுற்றளவு இரண்டு மூன்று அங்குலம் கூட வரும். கீழ் ஓரம் முழங்கால் சில்லின் நடுவில் முடியவேண்டும். நீயே குனிந்து பார்த்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், அளவு பிழைக்கும். முழந்தாளிட்டு நிமிர்ந்து இரு, வேறு யாராவது பார்க்கட்டும். ஓரம் நிலத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றால் சரி. இளம் பெடியன்கள் எல்லாரும் செய்கிற பிழை கில்ட்டை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டுவதுதான். அப்போது ஓரம் கெண்டைக்காலில் வந்து விழும், மடிப்புகள் பின்னால் விரிந்து வாய் பிளக்கும். இடுப்பு பெரிதாக இருந்தால் சேஃப்டி பின் குத்தாதே. தோல் வாரைப் பிரித்து பக்கிளை நகர்த்தினால் இரண்டு அங்குலம் வரை சுருக்கலாம். அதை நான் செய்து தருவேன், ஒரு பின்னேர வேலை. வேறு யாரிடமும் கொடுக்காதே.

கட்டுகிற விதமும் சொல்லிவிடுகிறேன். மடிப்பு முழுதும் முதுகுப்பக்கம். வலக்கைப் பக்கத்து உள் முன்துண்டை இடப்பக்கம் கொண்டுபோய், அதன் வாரை இடப்பக்கத் துளையால் வெளியே எடுத்துப் பூட்டு. பிறகு வெளி முன்துண்டை வலப்பக்கம் கொண்டுவந்து பூட்டு. குஞ்சம் வலப்பக்கம் வரவேண்டும். கில்ட் பின்னை வெளித்துண்டில் மட்டும் குத்து. இரண்டு துண்டையும் சேர்த்துக் குத்தினால் இருக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். பின்னில் பட்டி சுற்றிய குலச் சின்னம் இருந்தால் அதை நீயாக வாங்கிக் குத்தாதே. அது அந்தக் குலத்தாருக்கு உரியது. அவர்கள் கையால் தந்தால் போடு, இல்லாவிட்டால் வெறும் வாள் வடிவப் பின் போதும். தந்தார்களா?

இனி நிறம். இதுதான் முக்கியம், ஆறுதலாக வாசி. சிவப்பு பச்சை டார்டனுக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சேட்டும் எப்போதும் பொருந்தும், கில்ட்டே நிறத்தைத் தந்துவிடும். கறுப்பு வெள்ளைக் கில்ட்டில் அந்த உதவி இல்லை. கறுப்பு பிரின்ஸ் சார்லி கோட், பளீர் வெள்ளைச் சேட், கறுப்பு போ ரை, முழங்கால் வரை வரும் வெள்ளை மேஸ் என்று போட்டுக்கொண்டால் ஹோட்டலில் பரிமாறுகிறவரின் உடுப்பாகிவிடும். அந்த ஊர்க் கலியாணத்தில் உன் நிறத்தில் நீ ஒருவனாகத்தான் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். யாராவது வெறும் கிளாஸை உன்னிடம் நீட்டினால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கோட் கரிச் சாம்பல் நிற ட்வீட். ஆர்கைல் என்ற கில்ட் கோட் வெட்டில் எடு, அதே துணியில் ஐந்து பொத்தான் வேஸ்ட்கோட்டோடு. பிரின்ஸ் சார்லி உண்மையில் இரவு விருந்துக்கான கோட். இப்போது பகலிலும் போடுகிறார்கள்தான், ஆனால் இரண்டு மணிக் கலியாணத்துக்கு ட்வீட்தான் முறை, இரவு கெய்லி என்கிற ஸ்கொட்லாந்துக் கூட்டு ஆட்டம் வரைக்கும் அதுவே தாங்கும். கறுப்பு எடுக்கவே எடுக்காதே. காரணம், கறுப்பும் கறுப்பும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று பச்சையடிக்கும், ஒன்று நீலமடிக்கும். கடை விளக்கில் தெரியாது, தேவாலய வாசலில் வெயிலில் நிற்கும்போது தெரியும். சாம்பலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சாம்பலிலும் வெறும் சாம்பலாக இருக்கட்டும். மீன்முள் நெசவு வேண்டாம், கட்டமும் வேண்டாம். கில்ட்டின் கட்டத்தோடு அது சண்டை பிடிக்கும், ஃபோட்டோவில் அலையலையாக நெளியும். உன் ஒஃபிஸ் கோட்டையும் போடாதே. அதன் நீளம் பின்மடிப்பை மூடிவிடும், முன்னால் தொங்கும் ஸ்பொரன் பையில் இடிக்கும். கில்ட் கோட் குட்டையாக வெட்டுவது அதற்காகத்தான்.

சேட் யானைத் தந்த நிறம். பளீர் வெள்ளை வேண்டாம். கம்பளியின் வெள்ளை இயல்பாகவே கொஞ்சம் பாலேறின வெள்ளை. பக்கத்தில் சோப்பு விளம்பர வெள்ளையை வைத்தால் கில்ட் அழுக்காகத் தெரியும், அவர்கள் பேணி வைத்த உடுப்பை நீ ஊத்தையாக்கியது போல இருக்கும். கோடு போட்ட சேட்டும் கூடாது.

நிறம் ஒன்றே ஒன்று சேர். கருஞ்சிவப்பு, திராட்சை வைன் நிறம். கழுத்து ரையில் ஒன்று, மேஸைப் பிடிக்கும் கார்ட்டர் பட்டியில் தொங்கும் துணித் துண்டில் ஒன்று. அவ்வளவுதான். மூன்றாவது இடத்தில் அதே நிறம் வந்தால் செற்றாக வாங்கினது என்று தெரிந்துவிடும். போத்தல் பச்சையும் பொருந்தும், ஆனால் உன் முகத்துக்குக் கருஞ்சிவப்புத்தான் எடுக்கும். டார்டன் ரை வேண்டாம், அதே டார்டனில் கிடைத்தாலும் வேண்டாம்.

மேஸ் கரிச் சாம்பல், நல்ல கம்பளி. வெள்ளை மேஸ் தருவார்கள், வாங்காதே. நம்முடைய முழங்காலுக்குக் கீழே வெள்ளை மேஸ் வந்தால் கால் இரண்டாக வெட்டுப்பட்டது போலத் தெரியும். சாம்பல் என்றால் ஒரே நீட்டாக இறங்கும். மேல் மடிப்பு முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்கட்டும். சிவப்புத் துண்டு கால்களின் வெளிப்பக்கம் கொஞ்சம் முன்னுக்கு, மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் அளவே தெரியட்டும். சின்னக் கத்தி தந்தால் வலது மேஸில் வெளிப்பக்கம், பிடி மட்டும் தெரியும்படி. கில்ட்டோடு வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் விமானத்தில் கைப்பையில் வைக்காதே, ஆட்டம் தொடங்க முன்னம் கழற்றியும் வை.

ஸ்பொரன் கறுப்புத் தோல், எளிமையானது. வெள்ளி மேல்பூண் வைத்த உரோமம் இரவு உடுப்புக்குரியது. வேஸ்ட்கோட்டுக்குக் கீழே ஒரு கை அகலம் விட்டுத் தொங்கட்டும். தாழ்ந்தால் நடக்கும்போது அடிக்கும், துணியும் தேயும். சங்கிலி வாங்கினால் முதுகுப்பக்கம் தோல் வாராக இருக்கவேண்டும். வெறும் சங்கிலி கம்பளியை அரிக்கும், வெள்ளைக் கட்டத்தில் அது கறையாகத் தெரியும். ஆட்டத்தில் ஸ்பொரனைப் பக்கத்துக்குத் தள்ளிவிடு. வேஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். உள்ளுக்கு ஜட்டி கட்டாயம் போடு, கறுப்பு. கில்ட்டுக்குள் ஒன்றும் போடக்கூடாது என்று சிநேகிதர் சொல்கிறதைக் கேட்காதே.

சப்பாத்து கறுப்பு கில்லி, நாக்கில்லாமல் நீள லேஸ் கட்டுகிற வகை. லேஸை முன்னால் மூன்று முறை முறுக்கி, பின்னால் சுற்றி, கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டு. கெண்டைக்கால் வரை ஏற்றாதே. புதுத் தோலடி மரத்தரையில் வழுக்கும், மண்கடதாசியால் கொஞ்சம் உரஞ்சு.

நீ கெட்டிக்காரன். பதினைந்து வயதிலேயே உன் பள்ளிக் காற்சட்டையை நீயே அளந்து தைத்தவன், இதுவும் சரியாகச் செய்வாய். ஆனாலும் பெரியம்மா வீட்டு விஷயத்தில் நாங்கள் எல்லாரும் கடைசியாகத்தான் கேள்விப்பட்டோம். அப்படி இன்னொரு முறை வேண்டாம். நல்ல செய்தியென்றால் கெதியாகச் சொல்லலாம், நாங்கள் ஒன்றும் கடிக்கமாட்டோம். அப்பா என்ன சொல்வார் என்று நீ நினைக்கிறாயோ அதை அவர் சொல்லமாட்டார்.

சரி, துணிக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளை ஊத்தையை மறைக்காது. இருக்கும்போது இரண்டு கையாலும் பின்மடிப்பைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு இரு, இல்லாவிட்டால் எழும்பும்போது நசுங்கல் தெரியும். வைன் சிந்தினால் தேய்க்காதே, வெறும் துணியால் ஒற்று, பிறகு குளிர்ந்த தண்ணீர். மெஷினில் போடவே கூடாது. மினுக்க வேண்டுமென்றால் முதலில் மடிப்புகளை வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகத் தைத்து நிறுத்து, ஈரத் துணியைப் போட்டு அதன் மேல் அழுத்து, இழுக்காதே. பயணத்துக்குப் பெட்டியில் மடிக்காமல் நீட்டுவாக்கில் சுருட்டு. பழைய பெண்கள் ஸ்டொக்கிங்கின் ஒரு காலை வெட்டி, அதற்குள் நுழைத்தால் மடிப்பு குலையாது. திருப்பிக் கொடுக்கும்போது தந்தபடியே கொடுக்கவேண்டும். கொடுக்கிறதாக இருந்தால்.

தொப்புளில் இடுப்பளவு, பின்புறத்தைச் சுற்றி அளவு, தொப்புளிலிருந்து முழங்கால் நடு வரை நீளம், மூன்றையும் வேறு ஒருவர் எடுத்து, எழுதி அனுப்பு. கில்ட்டை அபடீனிலிருந்து ரயிலில் நீயே கொண்டுவா, தபாலில் போடாதே. கோட்டை நான் பார்க்க முன்னம் வாங்காதே. சேட் யானைத் தந்த நிறம், பளீர் வெள்ளை இல்லை, மறந்துவிடாதே. அப்பாவின் சாம்பல் சூட்டை மினுக்கி வைக்கவோ வேண்டாமோ என்று அதிலேயே ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா