தமிழ்த்துறை ஆய்வு நெறியாளர்களுக்கு: மேற்கோள் முறையை முதல் நாளே கொடுங்கள்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு,

வணக்கம். முதுகலை ஆய்வேடுகளில் மேற்கோள்கள் பிசகுவதற்கு மாணவரின் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. எப்படிக் குறிப்பது என்ற பேச்சே தட்டச்சு முடியும் தறுவாயில்தான் எழுகிறது. தலைப்பு உறுதியாகும் அன்றே துறையின் பெயரில் ஒரு பக்க மாதிரித்தாள் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அதில் பழைய நூல்களுக்கே அதிக இடம் வேண்டும். குறுந்தொகைக்கு உ.வே.சா. எழுதிய உரை 1937-இல் வெளிவந்தது. மாணவர் கையில் 2018-ஆம் ஆண்டு மறுபதிப்பு இருந்தால் 'உ.வே.சா., 2018' என்று போட்டுவிடுகிறார். 1942-இல் மறைந்தவர் 2018-இல் கருத்துச் சொன்னதாகிவிடுகிறது! சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழையல்ல இது. அவர் உரையைப் பின்பற்றி எழுதியவர்களெல்லாம் அவருக்கு முன்னோடிகளாகிவிடுகிறார்கள். '1937/2018' என இரண்டு ஆண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். உரைப்பகுதிக்குக் கையிலுள்ள பதிப்பின் பக்க எண் தேவை. பாடலடிக்கு 'குறுந். 40:4-5' (40-ஆம் பாடல், 4-5 அடிகள்) போதும்; யாரும் எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம்.

பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து பாடலை நகலெடுத்துவிட்டு, அடியில் அச்சு நூலின் பெயரைப் போடுவது இன்னொரு வழக்கம். ஒன்றில் சந்தி பிரித்திருப்பார்கள், மற்றொன்றில் பிரித்திருக்க மாட்டார்கள், பாடவேறுபாடும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கிற தேர்வாளரிடம் மாணவர் மாட்டிக்கொள்வார். எதைப் பார்த்தாரோ அதையே குறிக்கட்டும். பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளையின் கருத்தை வேறொருவர் நூலில் படித்திருந்தாலும் இதே விதிதான்: படித்த நூலே துணைநூற்பட்டியலில் வரவேண்டும்.

முந்தைய அடிக்குறிப்பின் நூலையே சுட்டும் 'மேலது' என்ற குறிப்பு வரைவு நிலையில் வேண்டவே வேண்டாம். நடுவில் ஒரு புதிய அடிக்குறிப்பு நுழைந்தாலே அடுத்து வரும் 'மேலது' தவறான நூலைச் சுட்டும். கணினி அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. ஆசிரியர் பெயர், நூலின் குறும்பெயர், பக்கம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதி, கடைசித் திருத்தம் முடிந்த பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

ஆய்வேடு பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. உரிய ஆதாரம் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேரா. இதைத் தெரியாமல், விழுக்காட்டைக் குறைப்பதற்காகச் சங்கப் பாடலின் சொற்களையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆய்வேடு மென்பொருளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே போகும். அதற்குக் கிடைக்கும் 'பூஜ்ஜியம் விழுக்காடு' எதையும் நிரூபிக்காது. ஆகவே யூனிகோடில் இல்லாத கோப்பைத் துறை வாங்கவே கூடாது.

கையெழுத்திடும் முன் ஐந்து அடிக்குறிப்புகளை நீங்களே பொறுக்கி, அந்த நூல்களோடு மாணவரை வரச்சொல்லுங்கள். பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடியாதவை மூன்று இருந்தால் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.