கன்டெய்னர் வேண்டாம், ஆகஸ்டில் பணம் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்ருட்டியில் உடைபடும் முந்திரிக் கொட்டையில் கணிசமான பங்கு ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவு நாடுகளிலிருந்து வருகிறது. கொட்டை விளையும் ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இங்கே ஒரு குடும்பம் நினைத்தால், முதலில் தோன்றுவது நோட்டும் துணியும் சேர்த்து கன்டெய்னரில் ஏற்றிவிடுவதுதான். அதைச் செய்ய வேண்டாம்.

ஐவரி கோஸ்டையே எடுத்துக்கொள்வோம். தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு, பாடம் பிரெஞ்சில். நம் ஊர் ஒற்றைக்கோடு நோட்டு அங்கே சின்ன வகுப்புக்கு உதவாது. எழுத்தின் உயரத்துக்கு அளவாக இணைகோடு அடித்த நோட்டில்தான் குழந்தை எழுதப் பழகுகிறது. சீருடை பையன்களுக்குக் காக்கி, சிறுமிகளுக்கு நீலமும் வெள்ளையுமாகச் சிறுகட்டம். அங்கத்திய சந்தையிலேயே துணி எடுத்து உள்ளூர் தையல்காரரிடம் கொடுத்தால் அளவு சரியாக இருக்கும், கூலியும் ஊருக்குள் நிற்கும். கன்டெய்னரோ சுங்க வரிவிலக்குக் கடிதத்துக்காக அந்நாட்டின் அபிஜான் துறைமுகத்தில் கிடக்கும். இலவச நாட்கள் முடிந்தால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறி, உள்ளே இருக்கும் நோட்டின் விலையையே தாண்டிவிடும்.

பணமாக அனுப்புவதிலும் மாதம் முக்கியம். கொட்டை பிப்ரவரி முதல் ஜூன் வரை. பள்ளி திறப்பது செப்டம்பரில். விற்ற காசு கரைந்திருக்கும் நேரம். சீசன் முடிந்த வீட்டின் நிலைமையைப் பண்ருட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் பாதிக்குள் பள்ளி நிர்வாகக் குழுவின் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்திருக்க வேண்டும். டிசம்பரில் அனுப்பிவிட்டு விழாப் படம் கேட்பது நம்முடைய ஆசைக்குத்தான்.

யாரும் பட்ஜெட்டில் எழுதாத செலவு ஒன்று உண்டு: பிறப்புச் சான்றிதழ். பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிந்தால் அங்கே இலவசம். தவறினால் நீதிமன்றம் போக வேண்டும். சான்றிதழ் இல்லாத பிள்ளை தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் சிக்கிக்கொள்ளும், அடுத்த பள்ளிக்குப் போக முடியாது. ஆறாம் ஆண்டில் விழித்துப் பயனில்லை. நான்காம் ஆண்டிலேயே தலைமையாசிரியரிடம் பட்டியல் வாங்கி, நீதிமன்றச் செலவைத் தனியாக ஒதுக்க வேண்டும்.

அனுப்பும் வழி: தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். பான் எண்ணும், வங்கியில் நிரப்பித் தரும் ஏ2 படிவமும் வேண்டும். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. வரிவிலக்கு பெற்ற குடும்ப அறக்கட்டளையின் பணத்தைத் தொட வேண்டாம். நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும். டாலரில் அல்ல, யூரோவில் அனுப்புங்கள். அங்குள்ள நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டது, நாணயம் மாற்றும் நட்டம் ஒன்று மிச்சம். படிவத்தில் வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்று குறிக்காவிட்டால், நடுவில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

கடிதம் பிரெஞ்சில் எழுதப் புதுச்சேரியில் ஆள் பஞ்சமில்லை. அந்தக் கடிதத்தில் படம் கேட்காமல் மார்ச், ஏப்ரல் வருகைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கொட்டை பொறுக்கப் பிள்ளைகள் தோப்புக்குப் போகும் மாதங்கள் அவை.

முந்திரி இறக்குமதி ஆவணப் பணியிலுள்ள வாசகர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.