பஜார் தெரு திருப்பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் தெருவில் வாறுகால், அதாவது மழைத்தண்ணீர் வடிகால், நடைபாதை, விளக்கு வேலை முடிந்ததும் முழு விவரமும் எழுத்தில் வர வேண்டும் என்று போன பொதுக்குழுவில் அண்ணாச்சிமார் கேட்டீர்கள். நியாயமான பேச்சு. ரூபாய் பைசாக் கணக்கு ஆடிட்டர் கையெழுத்தோடு சங்கக் கட்டிடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது, கடைவாரியாக யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால் தெரியாத விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெயர். கோவில் வேலைக்குத்தானே திருப்பணி என்பார்கள், வாறுகால் தோண்டுவதற்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நம் தாத்தாமார் காலத்தில் தென்சீமை வியாபாரிகளுக்கு மகமை என்று ஒரு பழக்கம் இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கைத் தனியே எடுத்து வைப்பார்கள், கோவிலுக்கும் கிணற்றுக்கும் பேட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதிலிருந்துதான் போகும். விருதுநகரில் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை எழும்பியது வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியில். அப்போது அந்த ஊரே நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது, 1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது. ஊருக்காகக் கூட்டாகக் காசு போட்டுச் செய்த வேலையை எல்லாம் அவர்கள் ஒரே கண்ணோடுதான் பார்த்தார்கள், நாங்களும் அப்படியே பார்த்தோம்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை மீறி வந்தது, நெல்லையில் கொக்கிரகுளமும் ஜங்ஷனும் மிதந்தன, நம் பஜாரில் கல்லாப்பெட்டி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஆறு வந்ததற்கு நாம் ஒன்றும் செய்திருக்க முடியாது, சரி. ஆனால் ஆறு இறங்கின பிறகும் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் கிடந்ததே, அதற்குக் காரணம் நாம்தான். ஒவ்வொரு கடையும் படியை ஓரடி முன்னே இழுத்து, வாறுகாலை அடைத்து, அதன் மேல் கிரானைட் போட்டு வைத்திருந்தோம்.

வியாபாரம் அதற்கு முன்பே படுத்துவிட்டது. வண்ணார்பேட்டையில் பெரிய ஜவுளிக் கடைகள் வந்ததால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அது பாதி உண்மை. நெல்லை டவுனில் கீழ ரத வீதி அல்வாக் கடைக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது, சாயங்காலமானால் ஜனம் நிற்கிற நிற்பைப் பாருங்கள். சரக்கு நன்றாக இருந்தால் ஆள் வரும், வந்த ஆள் நிற்க இடம் இருந்தால் இன்னொரு கடையிலும் ஏறுவார். நம் தெருவில் அந்த நிற்கிற இடம்தான் இல்லாமல் போயிருந்தது.

சரி, காசு. அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம் உறுப்பினர் ஒருவருடைய மகன் அங்கே கடைவீதிகளை எப்படிச் சீர் செய்கிறார்கள் என்று ஒரு நாள் பொறுமையாக விளக்கினார். ஒரு வட்டாரத்தை வரையறுத்து, அந்த வருஷம் அங்கே வருகிற சொத்துவரியை அடிப்படை என்று குறித்துக்கொள்கிறார்கள். சாலை, விளக்கு, வடிகால் எல்லாம் வந்து கட்டிட மதிப்பு ஏறும்போது வரியும் ஏறும் இல்லையா, அந்த ஏறின பங்கு மட்டும் பொது நிதிக்குப் போகாமல் பல வருஷத்துக்கு அதே வட்டார வேலைக்கே வரும், வாங்கின கடனையும் அதிலிருந்தே அடைப்பார்கள். கலிஃபோர்னியாவில் 1952-ல் தொடங்கின முறை. பள்ளிக்கூடத்துக்கும் மற்ற சேவைகளுக்கும் போக வேண்டிய வரி இதில் முடங்குகிறது என்ற சண்டையும் கூடவே வளர்ந்து, அதை நடத்தின ஏஜென்சிகளைக் கலிஃபோர்னியாவே 2012-ல் கலைத்துவிட்டது. இங்கே நாம் கட்டுகிற சொத்துவரி ஊர் முழுமைக்கும் போகிறது, போகவும் வேண்டும், மேலத் தெருக் குழாய்க்கும் அதுதான் காசு. அதனால் அந்த வழி நமக்கு இல்லை.

நமக்கு இருந்தது நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் வந்து, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. கணக்கு எளிது: 30 லட்சத்துக்கு வேலை என்றால் 10 லட்சத்தை மக்கள் முதலில் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். பாதியோ அதற்கு மேலோ நாமே கொடுத்தால் வேலையையும் நாமே எடுத்துச் செய்யலாம், அந்த அளவுக்கு நம்மால் முடியவில்லை. முன்பணம் வசூலாகுமா என்று தயங்கினவர்களுக்குச் சென்னைப் பக்கத்து ஆலந்தூரை எடுத்துச் சொன்னோம். அங்கே நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஜனங்களிடமே வாங்கித்தான் வேலையைத் தொடங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

வசூலை முகப்பு அகலத்து அடிக்கணக்கில் வைத்தோம். பெரிய தகராறு அதில் வரவில்லை, கடைக்காரர் கொடுப்பதா கட்டிடச் சொந்தக்காரர் கொடுப்பதா என்பதில்தான் வந்தது. நாலு கூட்டம் போனது. தெரு அழகானால் யாருக்கு லாபம்? வாடகைக்கு இருப்பவர் பணம் போட்டு, வாறுகால் கட்டி, அப்புறம் அதையே காட்டி வாடகையை ஏற்றினால் தன் காசில் தன்னையே வெளியேற்றிக்கொள்கிற கதைதான். கடைசியில் கட்டிடக்காரர் இரண்டு பங்கு, கடைக்காரர் ஒரு பங்கு என்றும், மூன்று வருஷத்துக்கு வாடகையைத் தொடுவதில்லை என்றும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பேர் இப்போதே அதை மீறியிருக்கிறார்கள். அவர்களிடம் கமிட்டி நேரில் போய்ப் பேசியது, இன்னும் பேசும். அவர்கள் செய்தது தப்பு, வேறு வார்த்தை எங்களுக்குத் தெரியவில்லை.

கோப்பு ஒரு அலுவலக மேஜையில் மாதக்கணக்கில் கிடந்ததையும், அதன் பின்னாலேயே நம் பொருளாளர் அலைந்ததையும் இங்கே விரிக்கவில்லை. ஒர்க் ஆர்டர் வந்தது, வேலை தொடங்கியது.

படிகளை அவரவரே இடித்துக்கொண்டது இந்தத் திருப்பணியில் பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். முதலில் சங்கத் தலைவர் தன் பாத்திரக்கடைப் படியில் சம்மட்டி வைத்தார், அந்த வாரத்துக்குள் முக்கால் தெரு இடிந்துவிட்டது. அடியில் ஒரு முழ ஆழத்துக்குச் சேறு, பாலிதீன், காப்பிக் கப்பு, துருப்பிடித்த சோடா மூடி. அதையும் அள்ளின பிறகு பழைய வாறுகால் தெரிந்தது. இரண்டு பக்கமும் கொத்திப் பொருத்தின கருங்கல், ஒரு கல் கூட அசையவில்லை, வாட்டம் கிழக்கே ஓடைப் பக்கம் அப்படியே இருந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம், நாங்கள் பார்க்கப் பார்க்க ஓடிப் போய்விட்டது. எஸ்டிமேட்டில் அதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாக இருந்தது. இன்ஜினியரிடம் கெஞ்சிக் கேட்டு, கல் நல்லபடி இருந்த இடத்தில் எல்லாம் அதையே விட்டு மேலே மட்டம் உயர்த்தச் சொன்னோம், அவரும் நல்ல மனசோடு திருத்திக் கொடுத்தார்.

மூடி சிலாப் முதல் தவணையில் வந்தது சரியில்லை. லோடு ஆட்டோ ஏறினதும் மூன்று விரிசல் விட்டன. தேரோட்டத்தன்று வடம் பிடிக்கிறவர்கள் கால் அதன் மேல்தான் விழும், திருப்பத்தில் தேர்ச்சக்கரமே ஓரம் ஏறும் என்று சொல்லி அத்தனையையும் திருப்பி அனுப்பினோம். வேலை ஒரு மாதம் தள்ளியது, மழைக்கு முன் முடியாது என்று பலர் கோபப்பட்டீர்கள். புரட்டாசியில் முடிந்தது. நடைபாதைக் கல்லும் விளக்கும் சொன்னபடி வந்தன, அவற்றில் குறை ஒன்றும் இல்லை.

ஒரு தவறு கமிட்டியின் மேல் இருக்கிறது. காப்பிக்கடை முக்கில் பூக்கட்டுகிற அக்காவையும் பக்கத்தில் வெற்றிலை, கீரை வைத்திருந்தவர்களையும் வேலைக்காகத் தெருக்கோடிக்கு மாற்றினோம். அவர்களிடம் தகவல் சொன்னோமே தவிர யோசனை கேட்கவில்லை. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவிலேயே பத்தில் நாலு பேர் அவர்களாக இருக்க வேண்டும், நம் கமிட்டியில் ஒருவர் கூட இல்லை. கோடியில் பூ விற்கவில்லை. சாயங்காலம் மிஞ்சின சரத்தைத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது பழைய முக்கிலேயே நடைபாதையை ஒட்டி நாலு பேருக்கு இடம் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறோம். போன வருமானத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தபோது இரவு பத்து மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு எல்லாரும் தெருவில்தான் நின்றோம். மழை விட்டு அரை மணிக்குள் தெரு வடிந்தது. தீபாவளி வாரம் மாமியாரும் மருமகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் சாவகாசமாக நடந்ததை உங்கள் கடையிலிருந்தே பார்த்திருப்பீர்கள்.

பாக்கி இருப்பது பெண்களுக்கான கழிப்பறை. இடம் கிடைக்காமல் விட்டுப்போனது, அதை எடுக்காமல் இந்தக் கமிட்டி கலையாது. வண்டி நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கை இந்தத் தெருப் பராமரிப்புக்கே ஒதுக்க வேண்டும் என்று பேரூராட்சி மன்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை மாதாமாதம் மகமை, பழைய அடிக்கணக்கில் பத்தில் ஒன்று, ஐந்தாம் தேதிக்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

வாறுகால் மூடி தூக்குகிற கொக்கிக் கம்பி இரண்டு சங்க அலுவலகக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறு அவரவர் கடை முன் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், எடுப்பவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள்.