பந்தயம் போகும் வழியில் உள்ள ஊர்கள்

தருமபுரி

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கியதிலிருந்து நம் வீட்டுத் தொலைக்காட்சி மாலையில் வேறு எதற்கும் கிடைப்பதில்லை. அங்கே பிற்பகல் ஐந்தரை மணிக்கு வீரர்கள் எல்லைக்கோட்டைத் தொட, இங்கே இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. யார் முந்துகிறார் என்பதைவிட, அவர்கள் கடந்துபோகும் ஊர்களைப் பார்க்கவே நானும் அப்பாவும் உட்காருகிறோம்.

சமவெளிப் பாதையில் நாலைந்து பேர் முன்னே பிரிந்து போய்விட்டால், பிறகு வெகுநேரம் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அந்த ஓய்வில்தான் ஹெலிகாப்டர் கேமரா தேவாலயங்களையும் கோட்டைகளையும் சூரியகாந்தி வயல்களையும் தேடிப் போகிறது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ழான்-போல் ஒலிவியே என்ற செய்தியாளர், வழியிலுள்ள ஊர்களின் வரலாற்றைப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். நேரக்கணக்கை மட்டும் ஒப்பிக்கும் வர்ணனையாளர்களுக்கு நடுவே அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும். உயரத்திலிருந்து பார்க்கும்போது கோட்டை தெரிகிற அளவுக்கு உழுகிறவர்கள் தெரிவதில்லை என்பது என் மனக்குறை. ஆனால் அந்த உழவர்கள் வைக்கோல் கட்டுகளை வயலில் அடுக்கிப் பெரிய சைக்கிள் உருவம் செய்து, சக்கரம் சுழல்வதுபோல் டிராக்டர்களை வட்டமாக ஓட்டி, கேமராவைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

மோன் வான்தூ மலையில், உச்சியை எட்டுவதற்குச் சற்று முன், இதே பந்தயத்தில் ஓட்டிய பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சனின் நினைவுக்கல் இருக்கிறது. 1967 ஜூலை 13 அன்று, கொளுத்தும் வெயிலும் உட்கொண்ட ஊக்கமருந்தும் சேர்ந்து வாட்ட, அவர் அந்த ஏற்றத்தில் விழுந்து இறந்தார். அவ்வழியே சைக்கிளில் ஏறுகிறவர்கள் இன்றும் தண்ணீர்ப் புட்டியையோ தொப்பியையோ அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். நம் அகழ்வைப்பகத்தில் நீ சிறுவனாக இருந்தபோது விரலால் தடவிப் பார்த்த நடுகற்களைப் போன்றதுதான் அதுவும். ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் நட்டுப் படையலிட்ட மண்ணில் பிறந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்கு அப்படியொரு பந்தயம் போனால், கேழ்வரகுக் கொல்லைகளையும் தெருக்கூத்தையும் நடுகற்களையும் பற்றிப் பேச விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நீ இருக்கும் கிரனோபிளிலிருந்து அல்ப் துவே மலை அதிகத் தூரமில்லை. அதன் 21 கொண்டையூசி வளைவுகளிலும் அங்கே வென்றவர்களின் பெயர்ப் பலகைகள் உண்டு. பந்தயம் அங்கே வரும் ஆண்டில் விடுப்பு எடுத்து முன்கூட்டியே போய், சாலையில் வீரர்களின் பெயர் எழுதுகிற ரசிகர்களோடு பேசு. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை எனக்கு விரிவாக எழுது.

அன்புடன்,
அம்மா