மிளகுக் குளிசையும் கிளினிக் மருந்தும்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கினால் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் வீட்டுக்கு வீடு மிளகும் வேர்க்கொம்பும் இடிபடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சளும் மிளகுச் சத்தும் சேர்ந்த குளிசைகளை ‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது’ என்று சொல்லி விற்கிறார்கள். வலிப்புக்கோ தொய்வுக்கோ இதயத்துக்கோ நாளாந்தம் மருந்து எடுப்பவர்கள் அந்தப் பேச்சை நம்பி வாங்கக் கூடாது.

மிளகுக்கு உறைப்பைத் தருவது பைப்பரின். திப்பிலியிலும் அது உண்டு. கொச்சிக்காயில் இல்லை, அதன் உறைப்பு கப்சைசின் என்ற வேறு பொருளால் வருவது. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றைக் குடற்சுவரிலும் ஈரலிலும் உள்ள ‘சிப் 3ஏ4’ என்ற நொதியம் சிதைக்கிறது. குடற்கலங்களில் இருக்கும் பி-கிளைக்கோபுரதம், உள்ளே வந்த மருந்தின் ஒரு பங்கைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. பைப்பரின் இவ்விரண்டையும் தடுக்கும். குளுக்குரோனிக் அமிலத்தோடு மருந்தை இணைத்து வெளியேற்றும் நொதியங்களையும் தடுக்கும். எனவே அதே அளவு குளிசையைப் போட்டாலும் இரத்தத்தில் மருந்து கூடிவிடுகிறது.

மஞ்சளோடு மிளகைச் சேர்ப்பதே இதற்காகத்தான். 1998இல் வெளியான ஆய்வில், மஞ்சளின் முக்கிய சத்தான குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதரில் குர்குமின் உறிஞ்சப்படுவது 20 மடங்கானது. இந்தியாவில் காசநோய்க்கு 200 மில்லிகிராம் ரிபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதிலாகக் கொடுக்கும் குளிசையும் வந்திருக்கிறது. வைத்தியர் அளவு பார்த்துச் சேர்த்தால் அது மருந்து. கடையில் வாங்கி நாமே சேர்த்தால், எந்த மருந்து எவ்வளவு கூடும் என்று எவருக்கும் தெரியாது.

நாளுக்கு 20 மில்லிகிராம் பைப்பரினை ஏழு நாள் எடுத்தவர்களுக்கு இதயத்துக்கான புறோபிரனலோலும் தொய்வுக்கான தியோபிலினும் இரத்தத்தில் கூடியதை 1991லேயே கண்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பெரிய கவலை வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின்தான். அதன் சரியான அளவு இரத்தத்தில் லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம். அதைச் சிதைக்கும் நொதியம் சாதாரண அளவு மருந்திலேயே ஏறக்குறைய நிரம்பிவிடுவதால், வெளியேற்றம் சற்றுக் குறைந்தாலும் அளவு சட்டென ஏறிவிடும். கண் ஆடுவது, இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது அதன் அறிகுறிகள். வீட்டிலுள்ளவர்கள் இதை வலிப்பு முற்றிவிட்டதென்று எண்ணி இன்னொரு குளிசை கொடுத்தால் நிலைமை மோசமாகும். தியோபிலின் கூடினால் சத்தி, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு வரும். புறோபிரனலோல் கூடினால் நாடி மெதுவாகித் தலை சுற்றும். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் சைக்குளோஸ்போரினோ டக்ரோலிமஸோ எடுப்பவர்கள் இந்தக் குளிசைகளைத் தொடவே வேண்டாம்.

அப்படியென்றால் இரசம் குடிக்கலாமா? குடிக்கலாம். ஒரு கிராம் மிளகில் ஏறத்தாழ 50 மில்லிகிராமோ அதற்கு மேலோ பைப்பரின் இருக்கும். நாலு பேருக்கு வைக்கும் இரசத்தில் அரைத் தேக்கரண்டி மிளகுதான் போடுகிறோம். பைப்பரின் நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் பெரும்பங்கு அடிமண்டியிலேயே நின்றுவிடும். திரிகடுகச் சூரணம் அப்படியல்ல. ஒரு தேக்கரண்டியைத் தேனில் குழைத்து நக்கினால் மிளகும் திப்பிலியுமாக 50 மில்லிகிராம் அளவில் பைப்பரின் முழுதாக உள்ளே போகிறது. காய்ச்சலுக்கு ஒரு வாரம் தொடர்ந்து எடுப்பதென்றால், கிளினிக்கில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பரிசாரியாரிடமும் சொல்லுங்கள்.

‘இரண்டு மணித்தியாலம் விட்டுப் போட்டால் சரி’ என்ற யோசனையும் உதவாது. பைப்பரின் சிப் 3ஏ4 நொதியத்தை வெறுமனே மறித்து நிற்பதில்லை, செயலிழக்கவே வைக்கிறது. உடல் புது நொதியத்தை உண்டாக்கும்வரை பாதிப்பு நீடிக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் மிளகுக் குளிசையையும் வலிப்பு மருந்தையும் சேர்த்தே எடுத்தவர் மிளகுக் குளிசையைத் திடீரென நிறுத்தினால், மருந்தின் அளவு இறங்கி வலிப்புத் திரும்ப வரக்கூடும். தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அறிகுறி கண்டால் நீங்களாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்; அன்றே வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கக் கேளுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகையில் போத்தலையே கையோடு கொண்டு போங்கள். லேபிளில் ‘பைப்பரின்’, ‘பைப்பர் நைகிரம்’ (மிளகு), ‘பைப்பர் லோங்கம்’ (திப்பிலி) என்ற பெயர்களில் எது இருந்தாலும் அதன் மில்லிகிராம் அளவோடு கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். ‘95 சதவீதம்’ என்றிருந்தால் அது சமையல் மிளகல்ல, செறிவூட்டிய சத்து.

இக்குளிசைகளை விற்கும் கடைக்காரரும் பாமசிக்காரரும் பைப்பரின் அளவைத் தமிழில் எழுதி ஒட்டி, ‘வேறு மருந்து எடுக்கிறீர்களா?’ என்று கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் இவ்வகை விளம்பரங்களை ஏற்கும்போது அந்த எச்சரிக்கை வரியை அதிலேயே சேர்க்கும்படி கேட்கலாம்.

இப்படிக்கு,
மருந்தாளர்கள் சிலர்,
மட்டக்களப்பு.